சுகாதார அமைச்சரின் நாடாளுமன்றப் பதிலை எப்படிப் படிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் எத்தனை டாக்டர் பணியிடங்கள் காலி என்று உங்கள் எம்.பி. மக்களவையில் கேட்டார். மத்திய சுகாதார அமைச்சர் “பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை” என்று ஆரம்பித்து, நான்கு திட்டங்களின் பெயரைச் சொல்லி, கடைசியில் மாநிலவாரியாக ஓர் அட்டவணையை இணைத்துவிட்டார். உங்கள் மாவட்டத்தின் பெயர்கூட அதில் இல்லை. இது நழுவல்தானே, இப்படிக் கேட்டு யாருக்கு என்ன பயன் என்கிறீர்கள். இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. அமைச்சர் சொன்னது சட்டப்படி சரியா என்பது ஒன்று. சரியாகவே இருந்தாலும் அதைப் பதில் என்று ஏற்றுக்கொள்ளலாமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு உறுதியாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும்.

நான் மாநில சுகாதாரத் துறையில் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டெல்லியில் அமைச்சர் அவையில் வைக்கும் அட்டவணைக்கு இங்கிருந்து எண்களை அனுப்பியவர்களில் ஒருவன். அதனால் எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அமைச்சகத்துக்குள் கோப்பு எப்படி நகரும் என்பது அங்கே வேலை பார்த்த நண்பர்கள் சொல்லிக் கேட்டதுதான். ஒரு குறிப்பிட்ட பதிலை எழுதும்போது அமைச்சரின் மனதில் என்ன இருந்தது என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 6-வது பதிவு பொது சுகாதாரம், துப்புரவு, மருத்துவமனைகள், மருந்தகங்கள் ஆகியவற்றை மாநிலத்திடம் தருகிறது. உங்கள் மாவட்ட மருத்துவமனைக்கு டாக்டரை எடுப்பது, இடம் மாற்றுவது, சம்பளம் தருவது எல்லாம் மாநில அரசு. தமிழ்நாட்டில் ஆள் எடுக்க மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் என்று தனி அமைப்பே இருக்கிறது. ஆக, அந்த முதல் வாக்கியம் பொய் இல்லை. அதைக் கண்டுபிடித்தது இன்றைய ஆட்சியும் இல்லை. குலாம் நபி ஆசாத் காலத்துப் பதில்களிலும் அது இருக்கும், ஹர்ஷ் வர்தன், மாண்டவியா, நட்டா காலத்துப் பதில்களிலும் இருக்கும்.

ஆனால் அது பாதி உண்மை. மருத்துவக் கல்வி, மருத்துவத் தொழில், மருந்துகள், மாநிலம் விட்டு மாநிலம் பரவும் தொற்றுநோய், குடும்பநலம் எல்லாம் மத்திய அரசும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கின்றன. தேசிய சுகாதார இயக்கத்தில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநிலம். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு அது 90-க்கு 10. ஒரு சமுதாய சுகாதார நிலையத்தில் எத்தனை படுக்கை, எத்தனை நிபுணர் இருக்க வேண்டும் என்ற தர அளவுகளை 2007-ல் வகுத்து, 2012-லும் 2022-லும் திருத்தியதும் மத்திய அமைச்சகம்தான். பொது சுகாதாரத்துக்கான அரசுச் செலவை 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதியதும் அவர்கள்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். மத்திய அரசுக்கு முதன்மையாகச் சம்பந்தமில்லாத விஷயத்தைப் பற்றிய கேள்வியை ஏற்கக் கூடாது என்று மக்களவை விதியே சொல்கிறது. கேள்வி ஏற்கப்பட்டு அச்சிலும் வந்துவிட்டது என்றால், ‘எங்களுக்கு இதில் வேலையில்லை’ என்று முழுசாக ஒதுங்க முடியாது. பணம், தர அளவு, கல்லூரி இடங்கள் இவற்றைப் பற்றிக் கேட்டிருந்து, அதற்கும் மாநிலப் பட்டியலைக் காட்டியிருந்தால் அது நழுவல்தான். டாக்டர் நியமனத்தைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் அமைச்சர் சொன்னது நியாயம்.

அடுத்து, உங்கள் எம்.பி.யின் கேள்வி எண்ணுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்ததா என்று பாருங்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நட்சத்திரமிட்டவை, 230 கேள்விகள் குறியில்லாதவை. எது எந்தப் பக்கம் போகிறது, யாருடையது முதலில் வருகிறது என்பதில் குலுக்கல் இருக்கிறது. நட்சத்திரம் இருந்தால் அமைச்சர் எழுந்து நிற்க வேண்டும், துணைக்கேள்வி கேட்கலாம். இல்லையென்றால் தாளில் பதில் வரும், அதோடு சரி. நட்சத்திரமிட்ட இருபதிலும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் வாய்மொழியாக எடுத்துக்கொள்ளப்படுவது சிலதுதான், அதுவும் அன்றைக்கு அமளி இல்லாமல் இருந்தால். சுகாதார அமைச்சகத்துக்கு மக்களவையில் வெள்ளிக்கிழமை, மாநிலங்களவையில் செவ்வாய்க்கிழமை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது குறியில்லாத கேள்வியாகத்தான் இருக்கும்.

இனி எங்கள் பக்கத்துக் கதை. எம்.பி. குறைந்தது 15 நாள் முன்னறிவிப்போடு கேள்வி தருகிறார். அது மக்களவைச் செயலகம், அமைச்சகம், அதற்குள் ஒரு பிரிவு என்று இறங்கி மாநிலத்துக்கு வரும்போது மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு நாள். ‘மிக அவசரம், நாடாளுமன்ற வினா’ என்று தலைப்போடு மின்னஞ்சல் வரும், நாளை மதியத்துக்குள் வேண்டும் என்று இருக்கும். உடனே மாவட்டங்களுக்குப் போன். எதிர்முனையில் இருக்கும் எழுத்தர் விவரமானவராக இருந்தால் முதலில் ஒன்று கேட்பார்: “சார், காலின்னா சாங்ஷன் ஆன போஸ்ட்ல காலியா, இல்ல நார்ம்ஸ் படி இருக்க வேண்டியதுல காலியா?” அதற்குக் கேள்வித்தாளில் விடை இருக்காது. அப்புறம் அடுத்தது: “நம்ம ஆஸ்பத்திரில மயக்க மருந்து டாக்டர் ஒருத்தர் இருக்காரு, சம்பளம் இங்கதான், ஆனா மாற்றுப்பணியில மெடிக்கல் காலேஜ்ல பாக்குறாரு. அவரை எதுல போடட்டும்?” சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறதல்லவா, ‘பணியில் உள்ளார்’ என்ற கட்டத்தில்தான் போடுவோம். அந்த ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வருகிற பெண்ணைப் பொறுத்தவரை அவர் இல்லை. அட்டவணையைப் பொறுத்தவரை இருக்கிறார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, அப்படி எழுதச் சொல்லி மேலிடத்து உத்தரவு எதுவும் வந்ததும் இல்லை. கையில் இருந்த படிவத்தில் மாற்றுப்பணிக்குக் கட்டம் கிடையாது, அவ்வளவுதான்.

அந்த எழுத்தரின் முதல் கேள்விதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. காலியிடம் என்பது அரசு அனுமதித்த பணியிடத்தில் ஆள் இல்லாதது. பற்றாக்குறை என்பது தர அளவின்படி இருக்க வேண்டியதில் ஆள் இல்லாதது. அனுமதியே தராத இடத்தில் காலியிடம் வராது. ஒரு மாநிலம் நிபுணர் பணியிடங்களையே உருவாக்காமல் விட்டால் அதன் காலியிடக் கணக்கு அழகாக இருக்கும். சமுதாய சுகாதார நிலையம் என்றால் அறுவை சிகிச்சை, பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தை மருத்துவம் என்று நான்கு நிபுணர்கள் வேண்டும். ஊரக சுகாதாரப் புள்ளிவிவரத் தொகுப்பின் 2021-22 பதிப்புப்படி, ஊரகப் பகுதியில் இயங்கும் இந்த நிலையங்களில் தேவையோடு ஒப்பிட்டால் நிபுணர் பற்றாக்குறை ஏறக்குறைய 80 சதவீதம். அதே நிலையங்களைக் காலியிடமாகக் கணக்கிட்டால் எண் இறங்கிவிடும். உங்களுக்கு வந்த அட்டவணையின் தலைப்பில் இந்த இரண்டில் எது இருக்கிறது என்று பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். எம்.பி. ‘காலியிடம்’ என்று கேட்டிருந்தால் காலியிடம்தான் வரும். கேட்டது அவர்.

பதில் எழுதும் விதத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ), (உ) என்று ஐந்து பகுதியாக இருக்கும். பதில் ‘(அ) முதல் (உ) வரை:’ என்று ஒரே மூட்டையாக வரும். பக்கம் பக்கமாக இருக்கும், படித்தால் எல்லாவற்றுக்கும் விடை வந்த மாதிரித் தோன்றும். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பகுதிக்கும் எந்த வாக்கியம் பதில் என்று கோடு போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பகுதி அநாதையாக நிற்கும், எல்லாவற்றிலும் சங்கடமானதும் அதுவாகவே இருக்கும். நடுவில் வரும் பத்திகள் பலதும் முந்தைய பதில்களிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியவை: எளிதில் போய்ச் சேர முடியாத பகுதியில் பணிபுரிவோருக்குக் கூடுதல் படி, மகப்பேறு நிபுணருக்கு ஊக்கத்தொகை, ‘சம்பளத்தை நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் தருகிறோம்’ என்று நிபுணரோடு பேரம் பேச மாநிலங்களுக்கு அனுமதி. இவை உண்மையான திட்டங்கள்தான். ஆனால் உங்கள் மாவட்டத்தில் இதனால் ஒருவராவது வந்து சேர்ந்தாரா என்று எந்தப் பதிலிலும் நான் படித்ததில்லை.

‘பதிவில் இல்லை’ என்பது ‘நடக்கவில்லை’ என்று மாறுவதற்கு நாடறிந்த உதாரணம் 2021 ஜூலை 20. கோவிட் இரண்டாம் அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் சாலையிலும் மருத்துவமனையிலும் பலர் இறந்தது உண்மையா என்று மாநிலங்களவையில் கே.சி. வேணுகோபால் கேட்டார். இணையமைச்சர் பாரதி பிரவீண் பவார் எழுத்துமூலம் தந்த பதிலின் சாரம் இது: சுகாதாரம் மாநில விஷயம், இறப்புகளைத் தெரிவிக்க விரிவான வழிகாட்டுதல் தந்திருக்கிறோம், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறப்பு என்று மாநிலங்கள் எதுவும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை. முதல் அலையில் 3,095 டன்னாக இருந்த மருத்துவ ஆக்சிஜன் தேவை இரண்டாம் அலையில் 9,000 டன் அளவுக்கு எகிறியது என்பதும் அதே பதிலில்தான் இருக்கிறது. நாடே கொதித்தது. என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பதில் எப்படி உருவாகியிருக்கும் என்று பார்த்தவுடன் தெரிந்தது. மருத்துவர் இறப்புக்கான காரணத்தை எழுதும்போது மூச்சு நின்றது, இதயம் நின்றது என்பதெல்லாம் அடிப்படைக் காரணம் ஆகாது, கோவிட் என்றுதான் எழுத வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதலும் அப்படித்தான். மருத்துவ ரீதியில் அது சரி. ஆனால் சிலிண்டர் தீர்ந்தது என்பதற்குப் படிவத்தில் இடம் இல்லாதபோது, மாநிலம் எதைத் தெரிவிக்கும்? திருப்பதி ரூயா மருத்துவமனையில் மே 10 இரவு ஆக்சிஜன் தடைபட்டு நோயாளிகள் இறந்ததை ஊரே பார்த்தது. பிறகு மத்திய அமைச்சகம் மாநிலங்களிடம் இதற்கென்றே தனியாகத் தகவல் கேட்டது. ஆக்சிஜன் குழாயில் அழுத்தம் குறைந்து அன்று வென்டிலேட்டரில் இருந்த சிலர் இறந்ததாக ஆந்திரம் தெரிவித்தது, ஆகஸ்டில் அது அவைக்கும் வந்தது. தனியாகக் கேட்டதும் பதில் வந்தது பாருங்கள். ஜூலைப் பதிலை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ‘எங்கள் படிவத்தில் இதற்கு இடமில்லை, அதனால் எங்களுக்குத் தெரியாது’ என்று எழுதியிருந்தால் அது நேர்மையான பதிலாக இருந்திருக்கும். அதை எழுதாமல் விட்டது குற்றம்தான். மாநிலங்களுக்கும் அதில் பங்கு உண்டு. தெரிவிக்காமல் இருந்தது அவர்கள், அந்த மாநிலங்களில் எல்லாக் கட்சி ஆட்சியும் இருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் கோவிட்டால் இறந்த சுகாதாரப் பணியாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டபோதும் இதே கதை. சுகாதாரம் மாநில விஷயம், மத்திய அளவில் அந்தத் தகவல் வைக்கப்படவில்லை, 50 லட்ச ரூபாய் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தோர் விவரம் மட்டும் இருக்கிறது என்றார் இணையமைச்சர் அஷ்வினி சௌபே. இந்திய மருத்துவ சங்கம் கோபப்பட்டு, இறந்த 382 டாக்டர்களின் பட்டியலை வெளியிட்டது. ஒரு சங்கம் திரட்ட முடிந்ததை ஓர் அமைச்சகம் திரட்டவில்லை. அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே ரத்து, எழுத்துப் பதில் மட்டும்தான். எழுந்து நின்று ‘அப்படியானால் எப்போது திரட்டுவீர்கள்’ என்று கேட்க யாருக்கும் வழியில்லை. நட்சத்திரக் குறியைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

எண் இருந்தாலும் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். நாட்டில் 834 பேருக்கு ஒரு டாக்டர், உலக சுகாதார நிறுவனத்தின் 1,000 பேருக்கு ஒருவர் என்ற அளவைவிட மேல் என்று பல பதில்களில் படித்திருப்பீர்கள். அதே பதிலில் கணக்கும் இருக்கிறது, யாரும் அதுவரை படிப்பதில்லை. 2022 ஜூன் நிலவரப்படி பதிவு செய்த அலோபதி டாக்டர்கள் 13,08,009 பேர். அதில் 80 சதவீதம் பேர் கிடைப்பதாக ஓர் அனுமானம், அதாவது சுமார் 10.46 லட்சம். அதோடு ஆயுஷ் மருத்துவர்கள் 5.65 லட்சம். கூட்டினால் 16.11 லட்சம். மக்கள்தொகையை அதால் வகுத்தால் 834. சித்த, ஆயுர்வேத, ஓமியோபதி மருத்துவர்கள் மீது எனக்கு மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் சிசேரியனுக்கு ஆள் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கும்போது அவர்களைக் கூட்டினால் விடை கிடைக்காது. அலோபதி டாக்டர்களை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 1,280 பேருக்கு ஒருவர். அந்த 80 சதவீதம் என்பதும் எண்ணிப் பார்த்த எண் இல்லை, வெளிநாடு போனவர், இறந்தவர், தொழிலை விட்டவரைக் கழிக்க வைத்துக்கொண்ட தோராயம். பதிவேட்டில் பெயர் இருப்பவர் சென்னையில் இருக்கிறாரா, உங்கள் தாலுகாவில் இருக்கிறாரா என்பது இதில் வரவே வராது. தவிர, உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட பணியாளர் உத்தியில் இருக்கும் அளவு வேறு: டாக்டர், நர்ஸ், மருத்துவச்சி மூன்று பேரையும் சேர்த்து 1,000 பேருக்கு 4.45.

மாநிலப் பட்டியலைக் காட்ட வழியே இல்லாத விஷயமும் உண்டு. மதுரை எய்ம்ஸ் முழுக்க முழுக்க மத்திய அரசின் திட்டம். 2018 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது 1,264 கோடி ரூபாய், 45 மாதக் கெடு. 2019 ஜனவரி 27-ல், மதுரை அருகே தோப்பூரில் கட்டுவதற்காக அடிக்கல். ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவோடு கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 மார்ச்சில். செலவு 1,977.80 கோடியாக ஏறியது. 2022-ல் முதல் மாணவர்கள் சேர்ந்தது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். இத்தனைக்கும் நடுவே தமிழ்நாட்டு எம்.பி.க்கள் மாறி மாறிக் கேட்டார்கள். பதில்களைத் தேதிவாரியாக வரிசையாக அடுக்கிப் படித்தால்தான் கெடு எப்படி நகர்ந்தது என்பது தெரியும், ஒற்றைப் பதிலைப் படித்தால் எல்லாம் சரியாகப் போவது போலத்தான் இருக்கும். கேள்வி கேட்பதால் பயன் உண்டா என்றீர்களே, எனக்குத் தெரிந்து உறுதியான பயன் இதுதான். அமைச்சர் கையெழுத்தோடு ஒரு தேதியும் ஒரு தொகையும் பதிவாகிறது, அடுத்த ஆண்டு அதை எடுத்து மேசையில் வைக்கலாம்.

இரண்டாவது பயன் பலருக்குத் தெரியாது. ‘பரிசீலனையில் இருக்கிறது’, ‘தகவல் திரட்டப்படுகிறது, பின்னர் அவையில் வைக்கப்படும்’ என்று பதிலில் வந்தால் அது சாக்கு இல்லை, வாக்குறுதி. அதைக் கண்காணிக்க மக்களவையில் 1953 முதலும் மாநிலங்களவையில் 1972 முதலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் கூடுதல் காலம் கேட்க வேண்டும். பல உறுதிமொழிகள் ஆண்டுக்கணக்கில் இழுபடும் என்பது வேறு. அதனாலேயே அனுபவசாலி அதிகாரிகள் இந்த வாக்கியங்களைத் தவிர்ப்பார்கள். மாநிலப் பட்டியல், மாநிலவாரி அட்டவணை என்று எழுதினால் உறுதிமொழி எதுவும் விழாது. உங்களுக்கு வந்த பதில் அப்படி வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம், அதற்கு மேல் இல்லை. அமைச்சர் சொன்ன தகவலே தவறு என்று உங்கள் எம்.பி.க்குத் தெரிந்தால் சபாநாயகர் நெறிமுறை 115-ன் கீழ் அதைச் சுட்டிக்காட்டலாம். பதில் போதவில்லை என்றால் அரை மணி நேர விவாதம் கேட்கலாம். இரண்டையும் செய்கிற எம்.பி.க்கள் குறைவு.

உங்கள் மாவட்டத்துக்கு வருவோம். டெல்லியில் தேடினால் அந்த எண் கிடைக்காது, இங்கேதான் இருக்கிறது. மாநில சுகாதாரத் துறைக்கு ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். ‘டாக்டர் பற்றாக்குறை விவரம் தருக’ என்று கேட்காதீர்கள், உங்களுக்கும் ஓர் அட்டவணைதான் வரும். மருத்துவமனையின் பெயரைச் சொல்லி, ஒரு தேதியைக் குறிப்பிட்டு, அன்றைக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், சம்பளம் பெறுவோர், அவர்களில் மாற்றுப்பணியில் வேறு இடத்தில் இருப்போர், மேற்படிப்பு விடுப்பில் இருப்போர், துறைவாரியாகத் தனித்தனியாக வேண்டும் என்று கேளுங்கள். சட்டசபை உறுப்பினர் மூலமும் இதைக் கேட்கலாம், மாநில அமைச்சரால் மாநிலப் பட்டியலைக் காட்டித் தப்ப முடியாது. உங்கள் எம்.பி.யிடம் வேறு கேள்வியைக் கொடுங்கள். தேசிய சுகாதார இயக்கத்தில் ஒவ்வோர் ஆண்டும் மாநிலம் எதற்கு எவ்வளவு கேட்டது, மத்திய அரசு எவ்வளவு ஒப்புக்கொண்டது என்ற ஆவணம் இணையத்தில் இருக்கிறது. நிபுணர் ஊதியத்துக்காகத் தமிழ்நாடு கேட்டது எவ்வளவு, ஒப்புதல் ஆனது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, கடந்த மூன்று ஆண்டுகளுக்கும் தனித்தனியாக என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கேள்வி 150 சொற்களுக்குள் அடங்க வேண்டும், பகுதிகள் குறைவாக இருந்தால் மூட்டை கட்டுவது கடினம். அடுத்த கூட்டத்தொடரின் தேதி அறிவித்ததுமே கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளினால் அவை முன்கூட்டியே ஒத்திவைக்கப்படவும் வாய்ப்பு உண்டு.